தமிழகம் செல்லும் சகோதரிகளுக்கு: ஏமாற்றுபவர்கள் எம்மிடம் எதைக் காண்கிறார்கள்?

யுத்தம் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. அதற்கு முந்திய காலத்தில் எமது பெண்களில் பலருக்குத் தமிழகம் என்பது வள்ளத்தில் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்த அகதி நாடு. இன்று அதே பெண்கள் கடவுச்சீட்டுடனும் விசாவுடனும் அங்கே செல்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்த்தி, இராமேஸ்வரத்தில் பிதிர்க்கடன், திருப்பதியில் மொட்டை, சென்னையில் கண் வைத்தியம், மகளின் கலியாணச் சேலை எனக் காரணங்கள் பல. 2019 இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாவினால் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 ஒக்ரோபரில் ஆரம்பித்து, இடையிடையே நின்று நின்று ஓடியது. ஆகவே கொழும்புக்குப் போகாமலேயே வெளிநாடு போகும் வழி எமது வாசலுக்கு வந்துவிட்டது.

இந்தப் பயணங்கள் நல்லவை. இருபது வருடமாக முகாமையும் மீள்குடியேற்றக் காணியையும் தவிர வேறொன்றும் காணாத ஒரு பெண், நான்கு பேரோடு சேர்ந்து ஒரு கிழமை வெளியே போய் வருவது எந்த ஆலோசனை வகுப்பையும் விடப் பயன் தரும் என்பது என் எண்ணம். எனவே பயமுறுத்தி வீட்டில் இருத்துவதற்காக இதனை எழுதவில்லை. ஆனால் போய் வந்தவர்களின் கதைகளைக் கேட்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் வழக்கமான தந்திரங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எமது பெண்களிடம் அவை வேறு விதமாக வேலை செய்கின்றன. யுத்தம் எமக்குப் பழக்கிவிட்ட சில பழக்கங்களே ஏமாற்றுபவனுக்கு வசதியாகி விடுகின்றன.

"நீங்க சிலோனா?"

பாங்கொக்கிலோ பாரிஸிலோ இறங்கும் பெண் பாஷை தெரியாத காரணத்தினாலேயே எச்சரிக்கையாக இருப்பாள். சென்னையில் அப்படி இல்லை. பெயர்ப்பலகை தமிழ், பாட்டு தமிழ், சாமி எங்கள் சாமி. "அக்கா, நீங்க சிலோனா? பேச்சுலயே தெரியுது" என்று ஒருவர் கேட்டவுடன் மனம் இளகிவிடுகிறது. உண்மையான அன்போடு கேட்பவர்களே அங்கே அதிகம். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த மக்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஆனால் எமது பேச்சு எங்கிருந்து வந்திருக்கிறோம் என்பதை மட்டுமல்லாமல், எமக்கு இங்கே ஆள் இல்லை, இடம் தெரியாது, கையில் ஒரு வாரத்திற்கான மொத்தக் காசும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

விமான நிலைய வாசலிலேயே இது ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் லொட்ஜ் பூட்டியாயிற்று, திருத்த வேலை நடக்கிறது, நான் வேறு நல்ல இடம் காட்டுகிறேன் என்பான் ஒருவன். அவனுக்கு அந்த "நல்ல இடத்தில்" தரகுப்பணம் உண்டு. லொட்ஜின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்திருந்து நீங்களே அழைத்துக் கேட்டால் விஷயம் முடிந்தது. சென்னை விமான நிலையத்தினுள்ளேயே முன்கூட்டிப் பணம் செலுத்தும் டாக்சிக் கருமபீடம் உண்டு. மெட்ரோ ரயிலில் ஏறினால் நேரே சென்ட்ரல் வரை போகலாம். ஓட்டோவிற்கு அரசாங்கம் 2013 இல் முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 12 ரூபா என்று நிர்ணயித்தது. பல வருடங்களாக அதைத் திருத்தாமல் விட்டதால் மீற்றர் போடுவோர் அரிது. அந்தச் சாரதிகளையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. ஏறுவதற்கு முன் எவ்வளவு என்று பேசி, அது மொத்தத்திற்கா ஆளுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். "ஆளுக்கு" என்ற சொல் இறங்கும்போதுதான் பல சாரதிகளுக்கு ஞாபகம் வருகிறது.

லொட்ஜில் உங்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் கேட்பார்கள். அது சட்டம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்திற்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். பிரதி எடுத்தபின் மூலத்தை உடனே திருப்பிக் கேளுங்கள். "மெனேஜர் வந்து தருவார், காலையில வாங்கிக்கோங்க" என்றால் இல்லை, காத்திருந்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்று அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

பழைய தாள்கள்

முகாமிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இந்தியத் தாள்களைச் சீலைக்குள் மடித்து வைத்திருக்கும் அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். 2016 நவம்பர் 8 ஆம் திகதி இரவு அறிவித்து, அப்போதிருந்த 500 ரூபா, 1000 ரூபாத் தாள்களை இந்திய அரசாங்கம் செல்லாதாக்கிவிட்டது. பின்னர் வந்த 2000 ரூபாத் தாளையும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து மீளப்பெறுவதாக ரிசேர்வ் வங்கி அறிவித்தது. அதனைக் கடைகளில் வாங்கமாட்டார்கள். இது தெரியாத வெளியூராரிடம் மிச்சக்காசாகவோ, "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்றோ இத்தாள்களைத் தள்ளிவிடுவது ஒரு பிழைப்பு. இப்போதுள்ள 500 ரூபாத் தாள் சாம்பல் நிறம், பின்புறம் டெல்லிச் செங்கோட்டைப் படம் இருக்கும். இதை ஒருமுறை பார்த்து வைத்தால் போதும். தெருவில் மாற்றாதீர்கள். அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்தில் பற்றுச்சீட்டுத் தருவார்கள். அவர் எண்ணித் தந்ததை அங்கேயே நின்று நீங்களும் எண்ணுங்கள். எண்ணும்போது யாராவது கதை கொடுத்தால் மீண்டும் முதலிலிருந்து எண்ணுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தியாகராய நகர் போன்ற சன நெரிசலில் இன்னொன்று நடக்கும். "அம்மா, உங்க காசு கீழ விழுந்துருக்கு பாருங்க" என்று பத்து ரூபாத் தாள்களைக் காட்டுவான் ஒருவன். நீங்கள் குனிய, மற்றவன் கைப்பையோடு மறைவான். அங்குள்ள பத்திரிகைகளில் "கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளை" என்று அடிக்கடி வரும் செய்தி இதுதான். விழுந்தது உங்கள் காசாகவே இருந்தாலும் பத்து ரூபா தானே, கிடக்கட்டும்.

காக்கிச் சட்டைக்கு முன்னால்

அடுத்து வருவது எமக்கென்றே செய்தது போன்றது. தமிழகத்தில் பல வருடங்களாக நடக்கும் மோசடி இது. கோயில் வீதியிலோ கடைத்தெருவிலோ நகை அணிந்து நடந்து வரும் வயதான பெண்ணை இரண்டு பேர் மறிப்பார்கள். சிலவேளை காக்கி உடை, பெரும்பாலும் சாதாரண உடை. கையில் ஏதோ அட்டை. "நாங்க போலீஸ். முன்னாடி தெருவுல இப்பத்தான் சங்கிலி அறுத்துட்டுப் போயிட்டான். இப்படி நகை போட்டுட்டுப் போகக்கூடாது. கழட்டி இந்தப் பேப்பர்ல மடிச்சுப் பையில வைங்கம்மா." மடித்துக்கொடுக்க அவர்களே உதவியும் செய்வார்கள். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கூழாங்கல் இருக்கும்.

அந்த ஊர்ப் பெண்களே இதில் ஏமாறுகிறார்கள் என்றால் எம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். சோதனைச்சாவடியில் "இறங்கு" என்றால் இறங்கினோம், "பையைத் திற" என்றால் திறந்தோம், ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததனால்தான் பலர் உயிரோடு வீடு வந்தோம். அந்தப் புத்தி அன்றைக்குச் சரியான புத்தி. இன்று ஓர் ஊரில் காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவன் கையில் கழற்றிக் கொடுக்க வைப்பதும் அதே புத்திதான். எமது குழுவில் ஒரு சகோதரி சொன்னாள்: "அவன் ஐசி கேட்டவுடன எனக்குக் கை தானாய்ப் பைக்குள்ள போட்டுது மிஸ். ஐசி இஞ்ச செல்லாதெண்டு கூட நினைக்கேல்ல."

ஆகவே சில விபரங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டவர் என்ற முறையில் கடவுச்சீட்டைப் பார்க்க உண்மையான பொலிஸாருக்கு உரிமை உண்டு. அதில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஆனால் உங்கள் நகையைக் கழற்றச் சொல்வதும், காசு கள்ளத்தாளா என்று வாங்கிப் பார்ப்பதும், வீதியில் வைத்து "ஃபைன்" அறவிடுவதும் பொலிஸ் வேலை அல்ல. இந்தியச் சட்டப்படி ஒரு பெண்ணின் உடலைச் சோதனையிடுவதாயின் பெண் ஒருவரே செய்ய வேண்டும். சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விசேட காரணம் இருந்தால், பெண் பொலிஸ் உத்தியோகத்தர் மூலம், நீதவானின் முன் அனுமதியோடு மட்டுமே செய்யலாம். 2024 ஜூலை முதலாம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

யாராவது மறித்தால் கைப்பையைக் கொடுக்காமல், கடவுச்சீட்டின் போட்டோப் பிரதியைக் காட்டுங்கள். "மூலம் லொட்ஜில் இருக்கிறது, ஸ்டேஷனுக்கே வருகிறேன், வாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உண்மையான உத்தியோகத்தருக்கு அதில் கோபம் வராது. போலி ஆள் அவசரப்படுத்துவான், சத்தம் போடுவான், இல்லாவிட்டால் மெல்ல நழுவுவான். பக்கத்திலுள்ள கடைக்குள் ஏறி நின்றுகொண்டே 112 ஐ அழைக்கலாம். அந்த இலக்கம் இந்தியா முழுவதற்கும் அவசர இலக்கம்.

கோயில்களில் அதிகாரம் வேறு உருவில் வரும். "ஸ்பெஷல் தரிசனம்" என்று கைபிடித்து இழுத்துப் போய், சங்கற்பம் செய்து, கடைசியில் ஆயிரக் கணக்கில் தட்சணை கேட்பவர்கள் உண்டு. சாமி சந்நிதியில் நின்று பேரம் பேச எமக்கு நா எழாது என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டணம் எதுவானாலும் தேவஸ்தானக் கருமபீடத்தில் செலுத்தி ரிக்கற் வாங்குங்கள். திருப்பதியில் இலவச தரிசனம் உண்டு. தேவஸ்தானத்தின் கல்யாணக்கட்டத்தில் முடி இறக்குவதும் இலவசம்.

"உங்க ஆள் உயிரோட இருக்காரு"

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். வாசிப்பவர்களில் பலருக்கு வலிக்கும்.

நவக்கிரகத் தலங்களுக்குப் போகிறவர்கள் சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் போவார்கள். செவ்வாய்க்குரிய தலம் அது. ஊரைச் சுற்றி நாடி சோதிட நிலையங்கள். பஸ்ஸால் இறங்கியதுமே தரகர்கள் வருவார்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவனையோ பிள்ளையையோ தேடும் பெண், அந்தப் பலகைகளைக் கடந்து போவது சுலபமா?

சோதிட நம்பிக்கை உள்ளவர்களோடு வாதிடுவது எனது நோக்கமல்ல. அங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன். பெண்களிடம் இடது பெருவிரல் ரேகையை வாங்குவார்கள். ஓர் ஏட்டுக் கட்டோடு வந்து ஒவ்வொரு வசனமாக வாசிப்பார்கள். நீங்கள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். தந்தை பெயர் உயிரெழுத்தில் தொடங்குமா? இல்லை. 'க' வரிசையா? ஆம். கணவர் உடன் இல்லையா? ஆம். பிரிந்தாரா? இல்லை. கேள்விகள் நாற்பது ஐம்பது போகும். பிறகு "உங்கள் ஏடு கிடைத்துவிட்டது" என்று, நீங்கள் ஆம் என்றவற்றையே கோவையாகச் செய்யுள் நடையில் வாசிப்பார்கள். கணவர் பெயர், பிள்ளைகள் தொகை எல்லாம் சரியாக வரும். எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னோம் என்று எண்ணி வைத்திருந்தவருக்கு அது அதிசயமாக இராது. ஆனால் அந்த நேரத்தில் யார் எண்ணுவார்கள்? நம்பிக்கை வந்தபின் ஒவ்வொரு காண்டத்திற்கும் தனித்தனிக் கட்டணம். சாந்தி காண்டம், தீட்சை காண்டம் என்று பரிகாரத்திற்கு வரும்போது தொகை ஏறும். "நீங்க ஊருக்குப் போங்க, 48 நாள் பூஜையை நாங்களே செய்றோம்."

முல்லைத்தீவு மாவட்டத்தில் எமது குழுவிலுள்ள ஒரு தாய், கணவரைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதத்தில். "வடக்குத் திசையில், தண்ணீர் ஓரத்தில் உயிரோடு இருக்கிறார், இரண்டு வருடத்தில் தகவல் வரும்" என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. ஊர் திரும்பிய பின்னும் பூஜைக்கென்று மூன்று தடவை காசு அனுப்பினார். கோழிக்கூடு போடுவதற்குக் கிடைத்த கடன் அது. ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டபோது அவர் தந்த பதிலை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. "காசு போனதுக்கு நான் அழேல்லை மிஸ். 'இருக்கிறார்' எண்டு சொன்ன ஆளை நம்பாமல் விட்டால், நானே அவரைக் கொண்ட மாதிரிக் கிடந்தது."

இதனைவிட மோசமானவர்கள் உண்டு. தங்குமிடத்திலோ ரயிலிலோ கதை கொடுத்து, தேடும் பிள்ளையின் பெயர், வயது, காயத் தழும்பு வரை கேட்டறிந்துகொண்டு, இரண்டு நாளில் வேறொருவர் மூலம் "உங்கள் மகன் திருச்சியில் இருக்கிறான், வெளியே எடுக்க இவ்வளவு வேண்டும்" என்பார்கள். திருச்சி மத்திய சிறை வளாகத்தில் ஒரு சிறப்பு முகாம் இருந்ததும் அங்கே இலங்கையர் பலர் தடுத்து வைக்கப்பட்டதும் உண்மை. அந்த உண்மையின் மேல்தான் பொய்யைக் கட்டுகிறார்கள். இலங்கையிலும் இதே முறையில், தடுப்பில் இருக்கிறான் என்று சொல்லித் தாய்மாரிடம் பணம் பறித்ததை நாம் மறக்கவில்லை.

இப்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நான் உங்களுக்குச் சொல்லாத ஒன்றை அவனிடம் கேட்டுவர முடியுமா? சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர், வளர்த்த நாயின் பெயர் இப்படி ஏதாவது. பதில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். புகைப்படத்தை நம்ப வேண்டாம். இன்று பழைய படத்தைக் கணினியால் வயதேற்றிக் காட்டவும், குரலைப் போலச் செய்யவும் முடியும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் மீது எமது தாய்மாருக்கு எவ்வளவோ மனக்குறை உண்டு, அது நியாயமானதுதான். ஆயினும் அங்கேயோ செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் சேவையிலோ தகவலுக்குக் காசு கேட்பதில்லை. காசு கேட்டால் அவர் அந்த இடத்து ஆள் இல்லை.

பயணத்தில் அறிமுகமாகும் எவரிடமும் காணாமல் போனவரின் விபரத்தைச் சொல்லாதிருங்கள். மனம் ஆறப் பேச வேண்டுமென்றால் கூடச் சென்ற சகோதரியிடம் பேசுங்கள்.

மற்றவரின் பொதி

காசு போனால் உழைக்கலாம். பொதி விஷயம் அப்படியல்ல. புறப்படும் நேரத்தில் விமான நிலையத்தில் ஒருவர், பெரும்பாலும் எமது பேச்சுப் பேசும் பெண்ணாகவே இருப்பார், "அக்கா, எனக்குப் பாரம் கூடிப்போச்சு. இந்தச் சின்னப் பையை மட்டும் உங்கட கணக்கில போடுங்கோ, அங்க தம்பி வந்து வாங்குவான்" என்பார். மருந்து, பால்மா, சேலை என்பார். உள்ளே தங்கமோ போதைப்பொருளோ இருந்தால் அகப்படுவது நீங்கள்.

இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில், வர்த்தக அளவு என்று வகுத்ததற்கு மேல் இருந்தால் குறைந்தது 10 வருடக் கடூழியச் சிறை, 20 வருடம் வரை போகலாம். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையிலேயே விழும், ஏனெனில் தெரிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இலங்கைச் சட்டத்தில் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை இருக்கிறது.

இன்னொரு விதம், வீட்டுக்கே தேடி வந்து "இலவச யாத்திரை" தருவது. ரிக்கற், லொட்ஜ் எல்லாம் அவர்கள் பொறுப்பு, திரும்பும்போது ஒரு சங்கிலியையோ ஒரு பையையோ கொண்டுவர வேண்டும், கைச்செலவுக்கும் காசு. இந்தத் தொழிலில் பொதி காவுபவரைத் தமிழகத்தில் "குருவி" என்பார்கள். கணவனை இழந்து, பிள்ளைகளோடு தனியே நிற்கும் பெண்ணைத் தேடிப்பிடிப்பது தற்செயலன்று. அவள் பிடிபட்டால் அவளுக்காகச் சட்டத்தரணி பிடிக்க எவரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் ரிக்கற்றுக்கு உறவினரல்லாத ஒருவர் ஏன் காசு கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பையை மறுப்பது முகத்தை முறிப்பதுபோல இருக்கும். "என்ர பொதியை நிறுத்தாச்சு, பூட்டியாச்சு, திறப்பு மகனிட்ட" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இந்தப் பொய்க்குப் பாவமில்லை.

நடந்துவிட்டால்

ஏமாந்த பெண்கள் வாய் திறப்பதில்லை. "தனியப் போகாத எண்டு சொன்னனாங்கள் தானே" என்று ஊர் சொல்லும் என்ற பயம்தான். அந்த மௌனத்தால் அடுத்த மாதம் போகிறவரும் அதே இடத்தில் அகப்படுகிறார். காசு இணையவழியாகவோ வங்கி அட்டை மூலமாகவோ போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற இலக்கத்திற்கு உடனே அறிவிக்க வேண்டும். மணித்தியாலக் கணக்கில் தாமதித்தால் காசை மறிக்க முடியாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 181.

கடவுச்சீட்டுத் தொலைந்தால் முதலில் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். அதையும், கடவுச்சீட்டின் போட்டோப் பிரதியையும், இரண்டு புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திற்குப் போனால் நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பத்திரத்திற்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்ததும் விமான நிலையம் போய்விட முடியாது. விசா பழைய கடவுச்சீட்டோடு போய்விட்டதால், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும். சில நாட்கள் எடுக்கும். ஆகவே போட்டோப் பிரதியில் ஒன்றை வீட்டில் பிள்ளையிடமும், ஒன்றைக் கூடச் செல்லும் சகோதரியின் பையிலும் கொடுத்து வையுங்கள். உங்கள் பையிலேயே இரண்டையும் வைத்தால், பை போகும்போது பிரதியும் சேர்ந்து போகும்.